தார்ப்பாயை எடுக்கச் சொன்னவர்

"இன்னொரு தடவை, அக்கா. முதல் தடவையா செய்ற மாதிரி செய்ங்க."

சுவரில் அறைந்து பதித்த மண் உருண்டையைக் கொத்தனாரம்மா பெயர்த்தெடுத்து மறுபடி அறைகிறார். சொன்னவரோ தரையில் மல்லாந்து கிடந்து, கேமரா வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். எழுந்திருக்கும்போது முதுகெல்லாம் மண். அதைத் தட்டிவிட மாட்டார். மண்ணோடு பழகுகிறவர் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டுமல்லவா?

எங்கள் தெருவில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பெயர். நேரில் டைரக்டர் சார். மக்களே கூடி, மண்ணும் மூங்கிலும் கொண்டு, பூமிக்குப் பாரமில்லாமல் எழுப்பும் கட்டடங்களை ஆவணப்படமாக எடுப்பது தொழில். எடுக்கத் தொடங்கியவை பல. முடித்த படம் ஒன்று. அந்தப் படத்திலும் கட்டடம் முடியவில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்ல எங்கள் தெருவில் ஓர் அறை கட்டுகிறோம் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். அதற்குள் அஸ்திவாரக் குழி தோண்டி முடித்திருந்தோம். பாதியை மூடச் சொல்லி, மறுபடி தோண்டச் சொன்னார்.

எங்களிடம் அவர் கண்ட பெரிய குறை, நாங்கள் சுத்தமாக இருப்பது. யாரைப் படம்பிடிப்பதானாலும் முதலில் கன்னத்தில் கொஞ்சம் மண் தடவுவார். எனக்கும் தடவினார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். போன காட்சியில் மண் இருந்தது, இதில் இல்லை, தொடர்ச்சி கெட்டுவிட்டது என்று அன்று பொழுது சாயும்வரை என்னோடு பேசவில்லை.

அவர் குடியிருப்பது சிமென்ட் கட்டடத்தின் மாடியில். மண்வீட்டின் இயற்கையான காற்றோட்டத்தைப் பற்றிய வர்ணனையை அங்கே ஜன்னல்களைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டுதான் பதிவுசெய்தார். ஏன் என்று கேட்டேன். "வெளிக் காத்து மைக்குல விழுந்திடும் சார். ரொம்பத் தொந்தரவு" என்றார்.

ஒலிப்பதிவு அவர் மனைவி. நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்திருப்பார். காதில் எந்நேரமும் ஹெட்போன். "இவரு பேச்சு காதுல விழாம இருக்க நான் கண்டுபிடிச்ச வழி" என்பார். ஹெட்போனில் அவர் பேச்சுதான் இன்னும் பெரிதாகக் கேட்கும் என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

குற்றம் முழுவதையும் டைரக்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கேமரா வந்த பிறகு கொத்தனாரம்மா இஸ்திரி போட்ட சட்டையில்தான் மண் பிசைந்தார். "சார், இடப்பக்கமா எடுங்க. வலப்பக்கம் மூஞ்சி வீங்கின மாதிரி தெரியுது" என்று இவருக்கே பாடம் நடத்தினார். நன்றாக அமைந்த அடுக்கைக்கூட, "எனக்கே திருப்தியில்ல, இன்னொரு தடவை" என்று அவராகவே கலைத்த நாளும் உண்டு.

இந்த வேடிக்கைக்கு நடுவே ஒரு கவலை இருந்தது. பிள்ளைகள் அதுவரை இருந்த இடத்தை வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். மழைக்காலத்துக்கு முன் கூரை ஏறாவிட்டால், தாய்மார்களில் பாதிப் பேர் வேலையை விட வேண்டியதுதான். கூரை ஏறும்வரை மண்சுவரை நனையவிடக் கூடாது; நனைந்தால் அது மறுபடி வெறும் மண். ஆகவே வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் சுவரை நீலத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தோம்.

அந்த நீலம் அவர் கண்ணை உறுத்தியது.

"அதை எடுத்துடுங்க. இயற்கைக் கட்டடம்னு சொல்லிட்டுப் பிளாஸ்டிக்கைக் காட்டினா யாரு நம்புவா?"

"மேகம் கட்டுதே சார்" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். பின்னாடி கறுப்பு மேகம், முன்னாடி செவப்புச் சுவர். அடடா! ரெண்டே நிமிஷம்."

கொத்தனாரம்மா இடப்பக்கக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு, "எடுங்கப்பா, ரெண்டு நிமிஷம்தானே" என்றார். தார்ப்பாயைச் சுருட்டி, படத்தில் விழாத தூரத்துக்குக் கொண்டுபோனோம். கயிறுகளையும் அவிழ்க்கச் சொன்னார்.

மழை இன்னொரு தடவைக்குக் காத்திருக்கவில்லை.

நாங்கள் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து வருவதற்குள் மேல் அடுக்குகள் கரைத்த மாவாக வழியத் தொடங்கின. கயிறு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அதையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஹெட்போனைக் கழற்றினார். அதுவரை கணவரை 'ஏங்க' என்றல்லாமல் வேறு விதமாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"யோவ்! அதைக் கீழ வச்சிட்டு வாய்யா!"

வந்தார். கேமராவை ஒரு வாளிக்கடியில் கவிழ்த்துவிட்டு, சாரப் பலகையில் ஏறி, கயிறில்லாத தார்ப்பாயின் மேல் குப்புற விழுந்து, மழை விடும்வரை சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தார்.

வெயில் வந்ததும் கொத்தனாரம்மா கரைந்த மண்ணை வழித்துப் போட்டார். மீதிச் சுவரின் ஒரு மூலை சாய்ந்தாற்போலத் தெரிந்தது. சாய்ந்திருந்தால் அஸ்திவாரம்வரை இடித்துவிட்டு, அடுத்த வெயில் காலம்வரை காத்திருக்க வேண்டும். தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டின் நூலை மேலே ஒருவர் பிடிக்க வேண்டும். டைரக்டர்தான் இன்னும் பலகையிலிருந்து இறங்கவில்லை.

"கை ஆடினா குண்டு ஆடும் சார். ஆடினா எனக்கு ஒண்ணும் தெரியாது. மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

"சரிங்கக்கா."

குண்டு ஆடி அடங்கக் காத்திருந்தோம். அப்போது மனைவி, "ஏங்க, திரும்பிடாதீங்க" என்றார்.

"ஏன்? என்ன?"

"ஒண்ணுமில்ல. வானவில்லு."

பாதிச் சுவருக்கு நேர் மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எந்தப் படக்காரரும் தவமிருந்தாலும் கிடைக்காத வில். அவர் கழுத்து திரும்பத் தொடங்கியது. குண்டு ஆடியது.

"சார்!" என்று கத்தினார் கொத்தனாரம்மா.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

குண்டு நின்றது. நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் கொத்தனாரம்மா ஒரு குச்சியால் மேலே அளந்தார், கீழே அளந்தார், நம்பாமல் மறுபடி மேலே அளந்தார். "நேராத்தான் நிக்குது. கரைஞ்சதை மட்டும் மறுபடி வச்சுட்டு கூரை போட்டுடலாம்" என்றார். ஒரு தாய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இரும்மா. அந்த மூலையையும் பேருக்குப் பாத்துடறேன். சார், அப்படியே அங்க நகருங்க."

"போயிடுச்சா?" என்று அவர் மனைவியைக் கேட்டார்.

"இல்லீங்க. இன்னும் நல்லாத் தெரியுது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரைத் தடவித் தடவி, ஈரப் பலகைமேல் அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.