தேதி இல்லாத அழைப்பு

முதல் மடலை எழுத எனக்கு மூன்று நாட்கள் ஆயின. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவில், கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தொழிலாளர் நல அலுவலர். விடுப்பு, கேன்டீன், பேருந்து, பெண்களின் ஓய்வறை ஆகியவை பற்றிய கடிதங்களையே ஆண்டுக்கணக்காக எழுதி வந்தவள். நாட்டுக்காக ஆடிய ஒரு கபடி வீராங்கனையை எங்கள் ஆலைக்கு வரவழைக்க வேண்டும், அதற்கு அவரிடம் அல்ல, அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் முகவரிடம் கேட்க வேண்டும் என்றபோது, எந்தக் குரலில் பேசுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

கேட்கச் சொன்னவள் வயர் வெட்டும் பிரிவில் வேலை செய்த ஒரு பெண். திருப்பாச்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். பள்ளி நாட்களில் கபடி ஆடியவள். கேன்டீனுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில், சாப்பாட்டு இடைவேளையில் மிஞ்சும் கால் மணி நேரத்தில், முதல் ஷிஃப்டிலும் இரண்டாவது ஷிஃப்டிலுமாகப் பெண்களைத் திரட்டி இரண்டு அணிகளை அவளே உருவாக்கியிருந்தாள். ஆலையின் விளையாட்டு விழாவில் ஆண்களுக்குக் கிரிக்கெட்டும் வாலிபாலும் உண்டு. பெண்களுக்குக் கோலமும் மியூசிக்கல் சேரும். பெண்கள் கபடியையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்ற பதிலைப் பெற்றவள் அவள்.

மேலாளர் கடுமையானவர் அல்லர். கையோ காலோ முறிந்தால் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது என்பதே அவருடைய அச்சம். மூன்றாம் ஆண்டு சற்று இறங்கி வந்தார். பெயர் பெற்ற வீராங்கனை ஒருவர் வந்து முன்னால் நின்றால் தலைமை அலுவலகமும் வீட்டாரும் மறுக்கமாட்டார்கள், அப்போது ஆடட்டும் என்றார். அதற்கென ஒரு தொகையும் ஒதுக்கினார். மாத இறுதிக்குள் ஆள் உறுதியாகவில்லை என்றால் நிகழ்ச்சி நிரலில் வழக்கம்போல் கோலப் போட்டி அச்சாகிவிடும்.

நான் திருவள்ளூரில், கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பத்தில் வளர்ந்தவள். உற்சவ காலங்களில் உபந்நியாசம் செய்யப் பெரியவர்களை அழைக்கும் கடிதங்களை அப்பா எழுதுவார். அவற்றில் தேதி இருக்காது. விருந்தினருக்கு நாள் குறித்துக் கொடுப்பது எங்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. தங்கள் சௌகரியம்போல் ஒரு நாள் அனுக்கிரகிக்க வேண்டும் என்றே அவை முடியும். சம்பாவனையாகக் கொடுக்கப்போகும் பணம் பற்றியும் ஒரு சொல் இருக்காது. அழைப்பு என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். ஆகவே முகவருக்கு நான் எழுதிய மடலும் ஆங்கிலத்தில் இருந்ததே தவிர அப்பாவின் கடிதமாகவே இருந்தது. வீராங்கனையின் சாதனைகளைப் பற்றி இரண்டு பத்திகள், பெண் தொழிலாளரின் வாழ்க்கை பற்றி ஒரு பத்தி, அவருக்கு உகந்த எந்த நாளும் எங்களுக்குத் திருநாளே என்று ஒரு வரி, தக்க மரியாதை செய்யப்படும் என்று இன்னொரு வரி. பொருள் என்ற இடத்தில் ‘பணிவான வேண்டுகோள்’ என்று இட்டேன். படித்துப் பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது.

ஒரு வாரம் கழிந்தும் பதில் இல்லை. தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. பெரிய இடத்து மனிதர்கள் தேர்வாய் கண்டிகையை எதற்காக மதிக்கப்போகிறார்கள் என்று உள்ளூர ஒரு வருத்தம் படிந்துவிட்டது. அதை அந்தக் கபடிப் பெண்ணிடம் சொல்லத் தயங்கி, இரண்டு நாட்கள் கேன்டீன் பக்கம் போகாமல் இருந்தேன்.

அவளே ஒரு பகலில் என் அறைக்கு வந்துவிட்டாள். மடலைக் காட்டச் சொன்னாள். திரையில் விரல் வைத்து, ஆங்கில வரிகளை மெதுவாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே படித்தாள்.

“நல்லாத்தான் எழுதிகீறீங்க மேடம். எந்தத் தேதின்னு மட்டும் காணோமே.”

“அவங்களுக்குத் தோதான நாளை அவங்களே சொல்லட்டும்னுதாம்மா விட்டேன்.”

“அவங்க இன்னா நம்ம ஊட்டுக்குச் சம்பந்தம் பேசவா வராங்க?” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்க லைன்ல ஜாப் கார்டு வரும் மேடம். இன்னா கலரு, எவ்ளோ நீளம், எத்தினி பீஸு, எல்லாம் அதுல இருக்கும். நீளம் போடாத கார்டு வந்தா நாங்க வெட்ட மாட்டோம். ஓரமா வெச்சிட்டு அடுத்த கார்டை எடுப்போம். கார்டு போட்டவங்க மேல கோவம்லாம் இல்ல. வெட்ட முடியாது, அவ்ளோதான்.”

இரண்டு வாரமாக நான் சுமந்திருந்த அவமதிப்பு அந்த ஒரு பேச்சில் கரைந்தது. அந்த முகவர் எங்களை இகழவில்லை. ஓரமாக வைத்திருந்தார். அவரிடம் வந்து குவியும் நூறு மடல்களில், வீராங்கனையிடம் காட்டி ‘போகலாமா’ என்று கேட்கக்கூடிய எதுவும் என் மடலில் இருக்கவில்லை.

இருவருமாக உட்கார்ந்து மறுபடி எழுதினோம். பொருள் என்ற இடத்திலேயே தேதி, ஊர், பெண்கள் கபடி, நாற்பது நிமிடம் ஆகிய நான்கும் வந்துவிட்டன. உள்ளே, நாங்கள் யார், பார்வையாளர்கள் எத்தனை பேர், அவர் வந்து என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், எங்கிருந்து கார் அனுப்புவோம், ஆலை ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. புகழுரை ஒரே வாக்கியமாகச் சுருங்கியது. தொகையை எழுதும்போது என் கை கூசியது. அது பெரிய தொகை அல்ல. ஆனால் மறைத்துவைத்துப் பிறகு சொல்வதைவிட முதலிலேயே சொல்வதுதான் உண்மையான மரியாதை என்று எழுதி முடித்த பிறகு தோன்றியது. எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று அவள் போடச் சொன்னபோது நான் மறுத்தேன். கேட்காவிட்டால் அவர்கள் எப்போதுதான் சொல்வார்கள் என்றாள். போட்டேன்.

வீராங்கனை என்ன செய்ய வேண்டும் என்ற வரிதான் எங்களை அதிகம் தடுத்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை என்று நான் வரிசையாகச் சொல்ல, அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“விளக்கெல்லாம் மேனேஜர் ஏத்தட்டும் மேடம். நாங்க ஆடுறதை அவங்க பாக்கணும். எங்க தப்பு பண்றோம்னு சொல்லணும். அதுக்குத்தான் கூப்புடுறோம்.”

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்திருந்தது. நாங்கள் கேட்ட ஞாயிற்றுக்கிழமை வீராங்கனை ஊரில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அது முடிந்து அங்கிருந்து வர முடியும். மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பிறகு ஒரு கேள்வி. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர் என்பதால் கேட்கிறார்கள், தரை எப்படிப்பட்டது?

வெள்ளிக்கிழமை வேலை நாள். லைனை நிறுத்தினால் பேஜாருதான் என்று சொன்னவளே வழியையும் சொன்னாள். முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. இரண்டாவது இரண்டரைக்குத் தொடங்குகிறது. அந்த அரை மணியில் இரண்டு ஷிஃப்டுப் பெண்களும் ஆலைக்குள் இருப்பார்கள். அதை ஒரு மணி நேரமாக நீட்டினால் போதும். மேலாளர் முகவரின் பதிலை இரண்டு முறை படித்தார். பேருந்துகள் மூன்று மணி வரை நிற்கலாம், ஒரு நிமிடம்கூட அதிகமில்லை என்றார்.

தரை பற்றிய கேள்விக்கு ‘நல்ல மைதானம்’ என்று முதலில் தட்டச்சு செய்தேன். ஜன்னல் வழியே கேன்டீனுக்குப் பின்னாலிருந்த அந்த இடத்தைப் பார்த்தேன். சரளைக்கல், ஓரத்தில் உடைந்த மரப்பலகைகள். அந்த இரண்டு சொற்களை அழித்துவிட்டு உள்ளதை எழுதினேன். இப்போது சரளைதான், செம்மண் கொட்டி நீர் தெளித்துச் சீராக்கப்போகிறோம், அவர் ஆட வேண்டியதில்லை என்று எழுதி, அவள் செல்பேசியில் எடுத்த படத்தையும் இணைத்தேன். பலகைகள் படத்தில் தெரிந்தன. அனுப்பிய பிறகு அன்று முழுவதும் எந்தக் கோப்பிலும் மனம் ஊன்றவில்லை. மாலையில் ஒரே வரி வந்தது: உறுதி, மண் போட்ட பிறகு இன்னொரு படம் அனுப்பவும்.

இரண்டு டிராக்டர் மண் வந்தது. ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பெண்கள் கல் பொறுக்கினார்கள். படம் அனுப்பினோம்.

அந்த வெள்ளிக்கிழமை, லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்ததால், வீராங்கனை வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. வரவேற்புரையை நான் வாசிக்கவே இல்லை. அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு மண்ணில் இறங்கி, குதிகாலால் ஓரிடத்தில் அழுத்திப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு, ஆரம்பிங்க” என்றார்.

என்னோடு மடல் எழுதியவள்தான் இரண்டாவது ஷிஃப்டு அணியின் தலைவி. அவள் முதல் முறை பாடிச் சென்று திரும்பியதுமே வீராங்கனை ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பும்போது எடை எந்தக் காலில் விழ வேண்டும் என்று தானே நின்று காட்டினார். இப்படித் திரும்பியதால்தான் தன் முழங்கால் போயிற்று என்றார். இரண்டு அணிகளும் அதே இடத்தில் நின்று அதைச் செய்து பார்த்தன. கால் முறியுமோ என்றே கவலைப்பட்டிருந்த எங்கள் மேலாளர், கைகட்டி நின்றவர், தம்மை அறியாமல் தம் பாதத்தையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு மணி அடித்தபோது முதல் ஷிஃப்டு இரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. கார் போயிற்று. பேருந்துகள் கிளம்பின. இரண்டாவது ஷிஃப்டுப் பெண்கள் குழாயடியில் அவசரமாகக் கால் கழுவிக்கொண்டு லைனுக்குள் போனார்கள்.

மேலாளர் அங்கேயே நின்றிருந்தார். “பாதியில நிக்குதே. மிச்ச ஆட்டம் எப்பம்மா?” என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அது முடிந்தது. விருந்தினர் யாரும் இல்லை. பேருந்துகளை நிற்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, ஓட்டுநர்களே நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். இரண்டாவது ஷிஃப்டு ஒரு புள்ளியில் தோற்றது. கடைசிப் புள்ளி கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் தகராறு. அவள் இரண்டு நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏனென்றால் நடுவராக நின்றவள் நான்.