வக்கீல் தணிகாசலமும் காத்திவாக்கத்து மணலும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு ராயபுரம் ரயில்வே கேட் அருகே நீதிமன்றக் குமாஸ்தா ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "சார், நம்ம தணிகாசலம் வக்கீலு போய்ட்டாரு" என்றார். மாரடைப்பு, வயது ஐம்பத்திரண்டு. வயதைக் குறித்துக்கொண்டேன். பத்திரிகைக்காரனின் தொழில் பழக்கம்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே சட்டம் படித்தவர் அவர். மற்றத் தாள்களில் எல்லாம் ஒரே தடவையில் தேறினார். சட்டக் கோட்பாட்டை மட்டும் மூன்று தடவை எழுதினார். காசிம் பாயின் டீக்கடையில்தான் படிப்பு. ஒருநாள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "பாய், சட்டம்னா இன்னா?" என்று கேட்டார்.

"லத்தி வெச்சிகினு கீறவன் சொல்றது" என்றார் பாய், டீயை ஆற்றியபடியே.

"இதைத்தான் ஒரு வெள்ளைக்காரர் நானூறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்" என்று வருந்தினார் தணிகாசலம். பிறகு என் பக்கம் திரும்பி, "லத்தி வருவதற்கு முன்பும் ஜனங்கள் ஏதோ ஒரு வழக்கப்படிதானே வாழ்ந்திருப்பார்கள்? அதற்கு என்ன பெயர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவரும் அந்தத் தடவை தேறவில்லை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளில் அந்தக் கேள்வி காத்திவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் வலை உலர்த்தும் கடலோர மணலை ஓர் ஆலை வாங்கி, வேலி போடத் தொடங்கியது. பருத்தி வலை காயாவிட்டால் மக்கிவிடும். வலை மக்கினால் அடுப்பு எரியாது. ஜனங்களிடம் பத்திரம் ஏதும் இல்லை. அதற்குள் வக்கீலாகிவிட்ட தணிகாசலம் அவர்களுக்காக வழக்கத்தை வைத்து வாதாடினார். வழக்கம் சட்டமாக வேண்டுமானால் அது பழையதாக, இடையறாததாக, அமைதியாக அனுபவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சாட்சி கன்னியம்மாவிடம், "எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லும்மா" என்று ஒரு வாரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அந்த மணலை அமைதியாக அனுபவித்து வந்தீர்களா?" என்று கோர்ட்டில் கேட்டார்.

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அமைதியாவா? இன்னா வக்கீலே! நேத்துகூட அந்த ராஜம்மா மண்டைய ஒடைக்க இருந்தேன்!"

பின் வரிசையிலிருந்து ராஜம்மாள் எழுந்தார். "எங்க, ஒடைச்சிப் பாருடீ!"

ஆலையின் வக்கீல் சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். நீதிபதி பென்சிலை எடுத்தார். தணிகாசலத்தின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"எதுக்கும்மா சண்டை?" என்று கேட்டார், ஈனக் குரலில்.

"இவ முறை வெள்ளிக்கெழம சார். வியாழக்கெழமயே வந்து வலைய விரிச்சிகினு கீறா."

"முறை யார் வெச்சது?"

"எங்க ஆயாவோட ஆயா காலத்துலேர்ந்தே கீது."

"முறையே கெடையாதுன்னு யாராச்சும் சொன்னதுண்டா?"

"அது எப்டி சொல்லுவாங்க? முறை இல்லன்னா சண்ட எதுக்கு?"

தணிகாசலம் நீதிபதியைப் பார்த்தார். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான வாதம் அதுதான். சண்டை முழுவதும் அவர்களுக்குள்தான், மணல் அவர்களுடையதல்ல என்று ஆலை வரும்வரை ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, சட்டம் கேட்கும் அமைதி அதுதான் என்று தீர்ப்பில் இருந்தது. வேலியைப் பிடுங்கினார்கள்.

வெளியே வந்ததும் என்னிடம், "நான் மூன்று தடவை எழுதிய தாளை அந்த அம்மா ஒரே வரியில் எழுதிவிட்டார்" என்றார். கன்னியம்மா விடவில்லை. "பொய் சொல்லச் சொன்னியே நைனா, நல்லா கீதா?" தணிகாசலம் கைகூப்பினார்.

தகனம் முடிந்த மறுநாள் காத்திவாக்கம் போனேன். மணல் முழுவதும் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்கள் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருடைய முறை என்று நான் விசாரிக்கவில்லை.

போய் வாருங்கள், தணிகாசலம். வழக்கம் இடையறாமல் நடக்கிறது.