காந்திமதியின் இடது காது

காணும் பொங்கல் அன்று தாம்பரத்தில் வெளியே கிளம்பாமல் இருப்பவர்கள் இரண்டு வகைதான். ஒன்று காய்ச்சலில் விழுந்தவர்கள், இன்னொன்று டூட்டியில் மாட்டிக்கொண்டவர்கள். காந்திமதி பதினாறு வருஷம் இரண்டாவது வகையாக இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு ஆபரேட்டர் வேலை. வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எண்ணைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவள் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மதுரையையோ நெல்லூரையோ பிடித்து, இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடுவாள். பண்டிகை என்றால் ஊரே பேசும். எட்டு மணி நேரத்தில் இருநூறு குரல்கள் காதுக்குள் போய்வரும்.

அதனால்தான் அவளுக்கு மொட்டைப்பாறை பிடித்துப்போனது. பீர்க்கன்காரணைக்கு மேலே ஏறினால் கரும்பாறையும் புல்லுமாகப் பரந்து கிடக்கிற மேடு அது. கோயில் கிடையாது, கடை கிடையாது, மனுஷர்கள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மேட்டைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் நெடுங்குன்றம். எல்லாம் சேர்த்து ஏழு கிலோமீட்டர் இருக்கும். ஐந்து வருஷமாக, பொங்கல் அன்று மற்றவர்களின் டூட்டியையும் தானே பார்த்துவிட்டு, காணும் பொங்கலுக்கு லீவு வாங்கிக்கொண்டு அங்கே நடக்கப் போவாள். கணவர் கேசவன் கூட வருவார். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். பக்கத்து சீட்டு ஆபரேட்டர் தபீதாளும் வருவாள். காந்திமதியைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் காணும் பொங்கலுக்கு அவள் கிளம்பியபோது, கூட ஒரு ரகசியமும் வந்தது. அவளுடைய இடது காது செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

முந்தின மாசியில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. நாற்பத்து மூன்று வயதில் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிக்கொண்டு படுத்திருந்தவளைப் பார்த்துக் கேசவன் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, கல்யாணத்தில் போட்ட தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது, காய்ச்சல் விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று ஹெட்செட்டை எப்போதும்போல் இடது காதில் வைத்தாள். லைனில் ஒன்றுமே இல்லை. போர்டில் செருகுகிற கார்டு வயர் கெட்டுவிட்டது என்று வேறு வயரை மாற்றினாள். அப்போதும் இல்லை. என்னவோ தோன்றி, வலது காதுக்கு மாற்றினாள். நெல்லூர் ஆபரேட்டர் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் சொல்லவில்லை. தனியாகச் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். "நரம்பும்மா. போனது திரும்பாது. இன்னொண்ண ஜாக்கிரதையா வச்சுக்கோங்க" என்றார். அதிலிருந்து அவள் பிழைப்பு, எல்லாரையும் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொள்வதாக ஆனது. தபீதாளின் சீட் நல்லவேளையாக வலப்பக்கம். கேசவனோடு நடந்தால் சுற்றிவந்து அவருக்கு இடப்பக்கம் நின்றுகொள்வாள். "எம்பொண்டாட்டிக்குத் தூத்துக்குடியில ஊசி வுழுந்தாலும் கேக்கும்" என்று ஷெட்டில் பெருமை பேசுகிற மனுஷர். அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது சொல்லாமலும் தீராதபடி ஒன்று வந்திருந்தது. பிப்ரவரியில் போர்டில் உட்காரும் எல்லாருக்கும் காது பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தேறாதவர்கள் பில் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். இருபத்தொரு வருஷம் உட்கார்ந்த சீட். சோதனை அன்று சத்தம் கொடுக்கப் பட்டனை அழுத்தும் டாக்டரின் கையைப் பார்த்தே ஏமாற்றிவிடலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

பெருங்களத்தூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகிற கூட்டம். லாரி, டெம்போ, சைக்கிள், கரும்பும் கையுமாகக் குழந்தைகள்.

"பாருங்கண்ணா, ஊரே சிங்கத்தப் பாக்க லாரியில போகுது. நாம கல்லப் பாக்க நடந்து போறோம்" என்றாள் தபீதாள்.

"சிங்கம் இன்னா பண்ணிகினு கீது? தூங்கிகினு கீது. அத்தப் பாக்கணும்னா வூட்லயே கண்ணாடி கீதே" என்றார் கேசவன்.

"கண்ணாடியில சிங்கமா தெரியுது? எனக்கு வேற ஏதோ தெரியுது."

"யம்மா காந்தி, ஒன் சினேகிதிய அடக்கி வை."

காந்திமதி சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். அவள் முன்னால் போவதற்குக் காரணம் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவளோடு யாரும் இடப்பக்கமாக வந்து பேச முடியாது.

ஏறுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. காரைமுள் புடவையைப் பிடித்து இழுக்கும், அங்கங்கே சரளைக்கல் காலை வாரும், அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் மேலே வந்துவிட்டார்கள். மார்கழி மழையில் நனைந்த புல் இன்னும் முழுசாகக் காயவில்லை. பாறைகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் வரிசையாகக் கிடந்தன. கீழே ரயில் போவது தெரிந்தது, ஆனால் சத்தம் இல்லை. ஏரி ஒரு தட்டு மாதிரி வெயிலில் மின்னியது. கால் பட்ட இடத்தில் எலுமிச்சைப்புல் மணந்தது.

"யாருமே துணி காயப்போடாத மொட்டைமாடி" என்றாள் தபீதாள். பிறகு அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த இடம் யாரையும் அப்படி ஆக்கிவிடும்.

ஒரு மணி நேரம் சும்மா நடந்தார்கள். கௌதாரி ஒன்று காலடியிலிருந்து விர்ரென்று எழுந்து எல்லாரையும் பயமுறுத்தியது. ஒரு பாறைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நீந்துவதைக் கேசவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். காந்திமதிக்கு மனசு லேசாக இருந்தது. காது ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன, இங்கே கேட்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. வருஷம் முழுக்கப் பயந்து பயந்து பக்கம் மாறியவள், அன்றுதான் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

நடு மேட்டில் ஒரு பாறை நிழலில் தெற்கே பார்த்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கு வறுவல் முக்கால்வாசி தபீதாளிடம் போயிற்று, தண்ணீரும் அப்படியே.

"ஒட்டகம்கூட இவ்ளோ குடிக்காதும்மா" என்று கேசவன் காலி கேனைத் தூக்கிக்கொண்டார். "போன வருஷம் ஒரு சுனை பாத்தோமே, நெனப்பு கீதா? இங்கதான் எங்கியோ. மொண்டுகினு வரேன்."

பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷமும் போயிற்று. அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது.

"காந்தீ... ரெண்டு பேரும் இங்க வாங்க..."

தபீதாள் இடப்பக்கம், ஈச்சம்புதர்கள் இருந்த கிழக்கைக் காட்டினாள். "அங்கதானேக்கா?"

காந்திமதி யோசிக்கவே இல்லை. வலப்பக்கம், மேற்கே கையை நீட்டினாள். ஒற்றைக் காதில் உலகத்துச் சத்தம் எல்லாமே அந்தக் காது இருக்கும் பக்கத்திலிருந்து வருவதுபோல்தான் இருக்கும். போர்டில் இது தெரியவில்லை, அங்கே திசைக்கு வேலையில்லை. வீட்டிலும் தெரியவில்லை, இரண்டு அறையில் ஒருவரைத் தேட என்ன இருக்கிறது? இவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஒரு குரலைத் தேடிப் போவது அன்றுதான் முதல் தடவை.

"எனக்கு இந்தப் பக்கம் கேட்ட மாதிரி..." என்று இழுத்தாள் தபீதாள். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேற்கே நடந்தார்கள். பாறை சரிவாகி, புல் குறைந்து, திடீரென்று தரையே முடிந்துவிட்டது. கல்குவாரி. பண்டிகை என்பதால் வேலை இல்லை. தபீதாளின் செருப்பு தட்டி ஒரு கல் உருண்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரொம்பக் கீழே தண்ணீரில் 'பொளக்' என்றது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

மறுபடியும் குரல். "காந்தீ..."

தபீதாளின் முகம் மாறியது. "அக்கா, இப்பவும் எனக்குப் பின்னாடிதான் கேக்குது."

"குவாரிப் பள்ளம்டி. எதிரொலிச்சிருக்கும்" என்றாள் காந்திமதி. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"உங்களுக்குச் சரியா கேக்குது, எனக்கு மட்டும் எப்படிக்கா தப்பாக் கேக்கும்?" தபீதாள் ஒரு காதைப் பொத்தித் திறந்து பார்த்தாள், பிறகு மற்றதை. "எனக்கு ஏதோ ஆயிடுச்சு. ரெண்டு மாசமா தலைய வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன் இல்ல? அடுத்த மாசம் டெஸ்ட் வேற. என்னைத் தூக்கிடுவாங்க. அம்மாவுக்கு நான் ஒருத்திதானே சம்பாதிக்கிறேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையிலிருந்து எல்லாரையும் கேலி செய்தவள்.

'ஆமாம், எதிரொலிதான், பயப்படாதே' என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். காந்திமதியும் அதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே நின்றவள் காதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால் எக்ஸ்சேஞ்ச் பாத்ரூமில் தான் அப்படித் தட்டியது காந்திமதிக்கு நினைவு வந்தது.

"உன் காது நல்லாத்தான் இருக்கு தபீதா. என்னுதுதான் போச்சு."

"எது?"

"இடது. சுத்தமா. போன மாசியிலேருந்து."

தபீதாள் அழுகையை நிறுத்தினாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் திட்ட ஆரம்பித்தாள். "ஒரு வருஷமா உங்க பக்கத்துலயே உக்காந்து தொண்டை கிழியப் பேசறேன். நான் என்ன, மர நாற்காலியா? எங்கிட்டச் சொன்னா என்ன? இப்ப ஒரு அடி முன்னாடி வச்சிருந்தா நானும் அந்தக் கல்லு மாதிரி போயிருப்பேனே!"

"போயிருப்ப" என்றாள் காந்திமதி. சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துப் பள்ளத்திலிருந்து இன்னும் தள்ளி இழுத்தாள்.

"அண்ணாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கிழக்கே வெகுதூரத்தில் ஈச்சம்புதர் ஓரம் கேசவன் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் போய்ச் சேரும்வரை காந்திமதி வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே நடந்தாள். போய்ச் சேர்ந்ததும் ஒன்றும் நினைவில்லை. "எனக்கு எடது காது கேக்காதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கேசவன் கேனைக் கீழே வைத்தார். எப்போது, எப்படி, யார் பார்த்தது என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். செங்கல்பட்டுக்குத் தனியாகப் போனாள் என்றபோது அவர் சுனைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தனியாவா போன?" என்றார். "பஸ்ல, திரும்பி வர்றப்பவும் தனியாவா வந்த?"

"ம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க ஷெட்டுல பெருமையாச் சொல்லிட்டிருக்கீங்க..."

"அட போம்மா. அங்க சுத்தி அடிக்கிற சுத்தியல்ல எவனுக்கும் நான் சொல்றது கேக்கறதே இல்ல." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சட்டென்று நிமிர்ந்தார். "இரு, இரு. ஒரு வருஷமா ராத்திரியில நீ என்னை இடிக்கறதே இல்ல. எனக்குக் கொறட்டை நின்னு போச்சுன்னு நெனச்சுகினு கீறேன்!"

"வலது காதத் தலகாணியில வச்சுப் படுத்தா ஒண்ணுமே கேக்காதுங்க" என்றாள் காந்திமதி. "அது ஒண்ணுதான் இதுல சுகம்."

தபீதாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் குடித்த பிறகு கேசவனுக்கு ஒரு யோசனை வந்தது. காந்திமதி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவரும் தபீதாளும் ஆளுக்கொரு பாறைக்குப் பின்னால் போய்க் கூப்பிடுவார்கள், அவள் கையைக் காட்ட வேண்டும். முதல் மூன்று தடவையும் தப்பு. "அங்க சிங்கந்தான் கீது" என்று கத்தினார். நாலாவது தடவை அவள் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். சுற்றச் சுற்றக் குரல் ஓர் இடத்தில் கூடியது, தாண்டினால் குறைந்தது. கூடிய இடத்தில் நின்று, வலது காதுப் பக்கம் கையை நீட்டினாள். கண்ணைத் திறந்தபோது தபீதாள் அந்தக் கைக்கு நேரே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர்களுக்குச் சலித்த பிறகும் அவளுக்குச் சலிக்கவில்லை. நாற்பத்து நாலு வயதில், புடவையைச் செருகிக்கொண்டு, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள்.

நெடுங்குன்றத்தில் இறங்கும்போது மூன்று பேருக்கும் வெயில் ஏறி முகம் கறுத்திருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் சூப்பர்வைசர் பாலாம்பாளின் மேஜைக்கு முன்னால் நின்று, பரிசோதனை வரும்வரை காத்திருக்காமல் விஷயத்தைச் சொன்னாள். பாலாம்பாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார்.

"எனக்குத் தெரியுமே மேடம்."

பிப்ரவரியில் டாக்டரின் கையை அவள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏப்ரலில் பில் செக்‌ஷனுக்கு மாற்றல் வந்தது. தபீதாள் தேறிவிட்டாள். தலைவலிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். முதல் வாரம் முழுக்கக் காந்திமதிக்குக் கை சும்மா இருப்பதுபோல் இருந்தது. செருகவும் பிடுங்கவும் கார்டு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தபீதாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, சொல்லாமலே வலப்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டாவது வாரம் ஒருவர் பில்லில் தப்பு என்று போன் செய்தார். காந்திமதி "சொல்லுங்க சார்" என்றதும் கோபம் பாதியில் நின்றது.

"ஏம்மா, நீங்க டிரங்க்ல இருந்தவங்கதானே? எம்பொண்ணு பிரசவத்தப்போ விடிய விடியத் திருச்சிக்கு லைன் வாங்கிக் குடுத்தீங்களே?"

"இருந்தேன் சார்" என்றாள் காந்திமதி, ரிசீவரை வலது காதில் நன்றாக அழுத்திக்கொண்டு. "குழந்தை நல்லா இருக்கா? பில் நம்பர் சொல்லுங்க."