இரட்டைத் தூரத்துக்கு நாலு லைட்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று மன்னார்புரத்தில் என் குடோனில் கிடக்கும் வாடகை லைட்டுகளை வைத்துப் பாதித் திருச்சிக்கு வெளிச்சம் போடலாம். எவனையும் நம்பாததால்தான் வளர்ந்தேன் என்று இப்போதும் சொல்வேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் சமையல். வழக்கமாக அடுப்பிலிருந்து பத்தடியில் கம்பம் நட்டு ஒரு ஃபோகஸ் லைட் கட்டினால் போதும். அன்று தண்ணீர் லாரிக்கு வழி விட்டதில் கம்பம் இருபதடிக்குப் போய்விட்டது. தூரம் இரண்டு மடங்கு, லைட்டும் இரண்டு என்று நானே கணக்குப் போட்டுக் கட்டச் சொன்னேன்.

பொழுது சாய்ந்து ஸ்விட்சைப் போட்டால், வழக்கத்தில் பாதி வெளிச்சம்தான். சமையற்காரர் முறத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பருப்புல கல்லு கெடக்கா, கல்லுல பருப்பு கெடக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

என் கண் எலக்ட்ரீஷியன் மேல் போயிற்று. பதினெட்டு வருஷமாக என்னோடு இருப்பவன். போன வாரம்தான் புது வண்டி வாங்கியிருந்தான். லைட்டின் முதுகில் என் சிவப்பு பெயிண்ட் குறி இருந்தது. இருந்தால் என்ன? உள்ளே இருக்கும் பல்பைக் கழற்றி மட்டமான சரக்கை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

"உள்ள இருந்ததை எங்கய்யா வித்த?" என்றேன், எல்லோர் முன்னாலும்.

அவன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினான். "இந்தக் கல்யாணத்தோட சரிங்க. நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கங்க."

அவன் போனால் என் தொழிலுக்குப் பாதிக் கை போன மாதிரி. ஆனாலும் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட மனசில்லை. ஒரு லைட்டை அணைத்துவிட்டு, மற்றதைத் திறந்து பார்க்க அடுப்படியிலிருந்து கம்பத்தை நோக்கி நடந்தேன். கண் கூசியதால் தக்காளிப் பெட்டியின் அட்டை மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பாதி வழியில், பத்தடியில் நின்று திரும்பினால், அடுப்பை ஒட்டிக் கட்டிய தார்ப்பாயில் மூடியின் நிழல் மிகப் பெரிதாக விழுந்திருந்தது. அதன் மேலும் சந்தேகம் வந்தது. காய் நறுக்கிய அம்மாவை மூடியை அங்கேயே பிடிக்கச் சொல்லிவிட்டு, அதே அளவு இன்னொரு மூடியை நிழலில் வைத்து அளந்தேன். அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு. மொத்தம் நாலு.

பத்தடியில் ஒரு மூடி வாங்கும் வெளிச்சம் இருபதடியில் நாலு மூடிக்குப் பரவிவிடுகிறது. அப்படியென்றால் ஒரு லைட் அங்கே கால் லைட்தான். இரண்டு கட்டினால் பாதி. சரக்கு சுத்தம், என் கணக்குதான் தப்பு. அதையும் எந்தப் படித்தவனும் சொல்லித் தராமல் நானேதான் கண்டுபிடித்தேன்.

அவனிடம் போனேன். "வண்டில இன்னும் ரெண்டு லைட் இருக்குல்ல? கட்டுப்பா."

"கட்டறேங்க. திருடன்னு சத்தமாச் சொன்னீங்கல்ல, இதையும் சத்தமாச் சொல்லுங்க."

சமையற்காரருக்குக் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என் கணக்குலதான். இவர் மேல ஒண்ணுமில்ல."

அவன் ஏணியைச் சாய்த்து, "பிடிங்க" என்றான். பிடித்தேன். நாலாவது லைட்டும் எரிந்த பிறகு மேலே நின்றபடியே கேட்டான்.

"நாளைக்கு எங்கங்க வேலை?"