ஜமால் பாயின் ரத்தத்தில் கோபால்ட்

"விரல மடக்கிப் புடிங்க பாய்" என்றேன். ஜமால் பாய் அசையவில்லை. நரம்பைத் தேடிக் குனிந்தபடியே மறுபடி சொன்னேன். அப்போதும் மடக்கவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொன்னதும் உடனே மடக்கினார்.

விருத்தாசலத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் லேப் டெக்னீஷியனாக நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். ஜமால் பாய்க்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பீங்கான் கடை. கல்ஃபில் இருந்தபோது அங்கேயே இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர். அந்த மூட்டில் பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம். இரண்டும் உரசினால் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம். ஊசியின் உலோகமே அளவைக் கெடுத்துவிடலாம் என்பதால், கேனுலா என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்ததைத்தான் அதற்கான டியூபில் பிடிக்க வேண்டும்.

"அவரு காதுலயே வாங்க மாட்டாரு, வுடும்மா" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஹமீதாக்கா. "வூட்லயும் இப்படித்தான். மவள எங்கண்ணன் மவனுக்குக் குடுத்ததுலேருந்து எம்மேல கோவம். பேசுனா பதிலே கெடையாது."

அக்கா குரலைத் தணிக்கவே இல்லை. தன்னைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்ற சலனமே பாயின் முகத்தில் இல்லை. எனக்கு உறுத்தியது.

"கடை எப்புடிக்கா போவுது?"

"அத ஏன் கேக்குற. கப்ப சுண்டிப் பாத்து, சத்தத்துலயே விரிசலு இருக்குதான்னு சொல்லிடுவாரு. இப்ப விரிசலு கப்பாவே வித்துட்டு, அதெல்லாம் திரும்பி வருது. எதுலயும் மனசில்ல அவருக்கு."

ரத்தம் எடுத்து முடித்ததும் பாயின் முதுகுப்பக்கம் போய் நின்று, "பாய்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அக்காவின் முகம் மாறியது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, "ஏங்க" என்றார். இன்னொரு தடவை, "ஏங்க". பிறகு தோளைத் தொட்டார். பாய் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"காது கேக்கலியா ஒங்களுக்கு?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நாளாவே ஒரே இரைச்சலு. சொன்னா மறுபடியும் ஆப்ரேசன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"அப்ப கோவம் இல்லியா?"

அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து உரக்கக் கேட்டார்.

"ஒம்மேல எனக்கென்ன கோவம் புள்ள?"

அக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டியூபில் லேபிள் ஒட்டும் சாக்கில் நான் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். கோபால்ட் ஏறினால் காதைத் தாக்கக்கூடும் என்றவர், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் காது டெஸ்டுக்கும் ஸ்கேனுக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். சென்னை ரிப்போர்ட் வந்தபோது கோபால்ட் போன தடவையைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உலோக மூட்டை எடுத்துவிட்டுப் பீங்கான் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்க வேண்டும் என்றார். அக்கா அதைப் பாயின் காதருகே உரக்கச் சொன்னார்.

"பீங்கானா? எங்க கடையில தெனம் ரெண்டு ஒடையுது டாக்டர்!" என்றார் பாய்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது அந்தப் பீங்கான் இல்ல பாய். லேசுல ஒடையாது."

பாயும் சிரித்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைய மவளும் மருமவனும் பாத்துக்குவாங்க. நான் ஒங்க கூடவே இருக்கறன்."

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கோபால்ட் மெல்ல மெல்ல இறங்கியது. வலது காது ஓரளவு தேறியது. இடது காது தேறவில்லை.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவு எவ்வளவு என்று ரிப்போர்ட் சொல்லும். அது வரும்வரை நோயாளியையும் கூட வந்தவரையும் பேச விடுங்கள். நோயாளி சொல்லப் பயப்படுவதை, கூட வாழ்கிறவர் தன் மனக்குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பாய்க்குக் காது கேளாததற்குத்தான் ஹமீதாக்கா கோபம் என்று பேர் வைத்திருந்தார்.

போன தடவை ரத்தம் கொடுக்க வந்தபோது அக்கா வழக்கம்போல் பாயின் இடப்பக்கம் உட்காரப் போனார். பாய் அவர் கையைப் பிடித்து, "இந்தப் பக்கம் வா புள்ள, நீ பேசறது கேக்கணும்" என்று வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார்.