நின்றவன் பெயரும் வராதவன் பெயரும்

சிலந்தி வலை அச்சிட்ட ஒரு மெல்லிய காகிதம், அந்தக் காலத்துக் குரூப் போட்டோக்களின் மேல் முந்தானை மாதிரி ஒட்டியிருக்கும். அதைத் தூக்கினால் வெங்காயச் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்கும். கூடவே பசையும் ஸ்டுடியோ மருந்தும் கலந்த ஒரு புளித்த வாசனை வரும். என்னிடம் இருக்கிற ஒரே பள்ளிக்கூடப் போட்டோவில் அந்தக் காகிதம் கிழிந்துபோய் எத்தனையோ வருஷமாகிவிட்டது; ஆனாலும் சட்டத்தைக் கழற்றி அட்டையை மூக்கருகே கொண்டுபோனால், அந்த வாசனை எங்கும் போகவில்லை என்று தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அடையாறில் ஒன்று, திருவான்மியூரில் ஒன்று என்று இரண்டு டைல்ஸ் கடைகள் என் கையால் உண்டானவை; பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். யார் சிபாரிசிலும் வரவில்லை, யார் தோளிலும் ஏறவில்லை. ஆனால் "நீங்க எந்த ஸ்கூல் சார்?" என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. அந்தப் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நான் சும்மா வாங்கவில்லை, பிடிவாதம் பிடித்து வாங்கினேன்.

அபிராமபுரத்தை ஒட்டிய கால்வாய்க் கரையில், ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்று எங்களுடையது. நைனா ரோடு ரோலர் ஓட்டினார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாருமில்லை என்றாலும், ஆங்கில வார்த்தைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதிலும் "ஆப்சென்ட்" என்ற வார்த்தையை நைனா உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுவார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தண்ணி ஆப்சென்ட், ரசத்தில் புளிப்பு குறைந்தால் புளி ஆப்சென்ட், சித்தப்பா கல்யாணத்துக்கு வராமல்போனால் "அவன் மூஞ்சி ஆப்சென்ட், மொய் மட்டும் பிரசென்ட்." பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆஜர் சொல்லும் முறை மாறியிருந்தது. "பிரசென்ட் சார்" போய் "உள்ளேன் ஐயா" வந்துவிட்டது. ஆனால் வராத பையனுக்கு மட்டும் பழையபடி ஆப்சென்ட்தான். இருக்கிறவனுக்குத் தமிழ், இல்லாதவனுக்கு ஆங்கிலம் என்று எங்கள் வகுப்பில் ஒரு சட்டமே இருந்ததுபோலத் தோன்றும்.

கூட்டத்தில் தனியாகத் தெரிவதற்கும் வார்த்தைகள் இருந்தன. பாண்டி பஜார் துணிக்கடைக்காரர் தீபாவளிச் சட்டையை என் தோளில் வைத்துப் பார்த்து "எடுப்பா இருக்கு" என்பார். அதே சட்டையை அம்மா பார்த்துவிட்டு, "தெருவுல இவன் ஒருத்தன்தான் தெரிவான், வேணாம்" என்பாள். நைனாவின் கட்சி வேறு. "கும்பல்ல நின்னா கொடிமரம் மாதிரி நிக்கணும்டா. இல்லாங்காட்டி வூட்லயே குந்திக்கோ" என்பது அவர் வாக்கு. அவர் ஓட்டிய வண்டி அப்படிப்பட்டது. தெரு முழுக்க விலகி நின்று பார்க்கும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது பள்ளிக்கூடம். நான் எட்டாவது படித்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில், வகுப்புப் போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் வகுப்பாசிரியர் வைத்தா சார் எதையும் முதல் நாளே ஒத்திகை பார்க்கிற மனிதர். பின்கட்டு முற்றத்தில் மேஜைகளையும் பெஞ்சுகளையும் படிக்கட்டு மாதிரி அடுக்கவைத்து, எங்களை உயரப்படி நிறுத்தி, ஒவ்வொருவன் காலடியிலும் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு எண் எழுதினார். வகுப்பிலேயே உயரமானவன் நான். கடைசி வரிசை, நட்டநடு இடம், பதினேழாம் எண். எனக்கு நேர் கீழே, முன்வரிசை நாற்காலியில் தலைமையாசிரியர் உட்காருவார். அந்த வரிசைப்படியே சார் பெயர்ப் பட்டியல் எழுதி, அட்டையில் ஆங்கிலத்தில் எழுதுவதற்காக அன்றைக்கே கச்சேரி ரோடு ஸ்டுடியோவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"நாளைக்குக் கட்டத்தை விட்டு எவனாவது ஒரு அங்குலம் நகர்ந்தான், பிரம்புதான். புரிஞ்சுதோ?"

புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்று மாலை கால்வாய்க் கரை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன், ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல் நிற்கப்போகிறவன் நான்தான் என்று. நைனா தன் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் கொடுத்தார். விடிந்து எழுந்தால் உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். நைனாவின் வெள்ளைச் சட்டையைக் கையிலிருந்து பிடுங்கி மடித்துவைத்துவிட்டு, வாசலில் வேப்பிலையைச் செருகினாள்.

"ஆத்தா வந்துகீறாடா. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது."

"போட்டோம்மா!"

"ஆத்தாவை விடப் போட்டோ பெருசா? வாயில போட்டுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டேன். வலித்தது.

மூன்றாவது வாரம், இரண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு, என் சிநேகிதன் கஜா வந்தான். உள்ளே வரக்கூடாது என்பதால் வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தினான்.

"மச்சி, போட்டோ வந்துச்சுடா. உன் எடம் காலியா கீது!"

"காலியான்னா?"

"பல்லு போன மாதிரி கீதுடா. எவனும் நகரல. நகர்ந்தா அடிப்பேன்னு சாரே சொல்லிகீறாரு, எவன் நகருவான்?"

அவன் சொன்னதைக் கேட்டுக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வைத்தா சாரும் மற்ற ஆசிரியர்களும் முன்வரிசையில் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தலைகீழாகத் தெரிந்த படத்தில் வெயிலையும் நிழலையும் பார்த்தாரே ஒழிய ஆளை எண்ணவில்லை. பையன்களோ அவரவர் கட்டத்தில் ஆணி அடித்தாற்போல நின்றிருக்கிறார்கள். என் இடத்தின் வழியாகப் பின்வீட்டு மொட்டைமாடித் துணிக்கொடி தெரிந்திருக்கிறது. அதில் காய்ந்த பாவாடை ஒன்று, சரியாகத் தலைமையாசிரியர் தலைக்கு மேல் கொடி பறப்பதுபோலப் பதிவாகியிருக்கிறது.

"வைத்தா சாரு தலையில கை வெச்சிக்கினு, கான்ஸ்பிக்யுவஸா தெரியறதே, கான்ஸ்பிக்யுவஸா தெரியறதேன்னு பொலம்பிகினு கீறாரு" என்றான் கஜா.

"அப்படின்னா?"

"எவனுக்குத் தெரியும்? பாவாடையா இருக்கும்."

பிறகு அவன் சொன்ன விஷயம்தான் எனக்குள் இறங்கியது. திரும்ப எடுக்க முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். ஸ்டுடியோக்காரர், கவலை வேண்டாம், அந்த இடத்தில் தூரிகையால் ஒரு தூண் வரைந்துவிடலாம் என்றாராம். எல்லோரும் சரி என்றார்களாம்.

தூண்! நான் நிற்கவேண்டிய இடத்தில், யாரும் கட்டாத ஒரு தூண். வராதவன் என்று பெயர் எழுதினால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் வந்திருக்கவேண்டியவன் என்று அந்த வார்த்தையே சொல்லிவிடும். தூண் வரைந்துவிட்டால் அங்கே ஒருவன் இருக்கவேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அன்றைக்கு இதையெல்லாம் இப்படிக் கோவையாக நினைத்திருப்பேனா, தெரியாது. ஆனால் பாயில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து ஒன்று மட்டும் முடிவு செய்தேன்: தூண் வரக்கூடாது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை, நைனாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கை நீளத்தை மடித்துவிட்டு, நேரே வகுப்பு வாசலில் போய் நின்றேன். பையன்கள் ஓவென்று கத்தினார்கள். வைத்தா சார் ஓரடி பின்வாங்கினார்.

"டேய், அங்கேயே நில்லு. தண்ணி விட்டாச்சோ?"

"மூணும் ஆச்சு சார். சார், என் எடத்துல தூணு வரையப் போறாங்களாமே?"

"ஆமாம். தூணுன்னா அலையாது, பக்கத்துல இருக்கறவனைக் கிள்ளாது. உன்னைவிடத் தேவலைன்னு ஹெட்மாஸ்டரே சொல்லிட்டார்" என்றார். வகுப்பு சிரித்தது.

"தூணைவிட நான் நல்லா நிப்பேன் சார். அதே எடத்துல நிக்கிறேன். என்னை மட்டும் எடுத்து ஒட்டச் சொல்லுங்க."

"போடா, போய் உட்காரு."

உட்காரவில்லை. பாடம் முடியும்வரை வாசலிலேயே நின்றேன். அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு வாத்தியார் விரட்டினார். முற்றத்துக்குப் போய் நின்றேன். இடைவேளை மணி அடித்தது, சாப்பாட்டு மணி அடித்தது, நான் அசையவில்லை. இன்றைக்கும் சரக்கு வராவிட்டால் குடோன் வாசலில் நான் இப்படித்தான் நிற்பேன்; லாரிக்காரர்களுக்குத் தெரியும். கடைசியில் வைத்தா சார் டிபன் டப்பாவோடு வெளியே வந்து, என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஆத்துல பெத்தவா ஒண்ணும் சொல்ல மாட்டாளோ? வியாதிலேர்ந்து எழுந்தவன் வெயில்ல நின்னுண்டு!"

"சொல்லுவாங்க சார். தூண் வேணாம் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். மறுநாளே ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிழல் ஒத்துப்போகவேண்டும் என்பதால் போட்டோ எடுத்த அதே பத்து மணி வெயிலில், அதே மேஜையைத் திரும்பப் போட்டு, அழிந்தும் அழியாமலும் இருந்த பதினேழாம் கட்டத்தில் என்னை ஏற்றினார்கள். பின்வீட்டுக் கொடியில் அன்றைக்கு ஒன்றும் காயவில்லை. பள்ளிக்கூடமே ஜன்னல் கம்பிகளில் தொங்கியது. முன்னால் தலைமையாசிரியர் இல்லை, பக்கத்தில் பையன்கள் இல்லை. ஆனாலும் எல்லோரும் இருப்பதுபோலத் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். "மூச்சு வுடாதே நைனா" என்றார் ஸ்டுடியோக்காரர். கொடிமரத்துக்கு ஏது மூச்சு?

ஒட்டி முடித்து வந்த போட்டோவைப் பார்த்து வைத்தா சார் மறுபடி தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மைத் தழும்பை மறைப்பதற்காக ஸ்டுடியோக்காரர் தூரிகையால் தடவியதில் என் முகம் பல்பு எரிவதுபோல வெளுத்துவிட்டது. போதாததற்கு, தலை மற்றவர்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிசு.

"இப்பவும் கான்ஸ்பிக்யுவஸாத்தான் தெரியறான்" என்றார்.

கஜா என்னைப் பார்த்தான், நான் கஜாவைப் பார்த்தேன். கூட்டத்தில் தனியாகத் தெரிவது: அப்போதுதான் எங்கள் இருவருக்கும் அந்த வார்த்தை புரிந்தது. இல்லாதபோதும் அதே வார்த்தை, இருக்கும்போதும் அதே வார்த்தை. ஆங்கிலம் படிக்காதவன் என்றாலும் அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

ஆனால் அட்டையை வைத்தா சார் அப்படியே விடவில்லை. நிற்பவர்கள் வரிசையில், முன்பே எழுதியபடி, என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே "ஆப்சென்ட்" என்று எழுதி, அதற்கு நேராகவும் என் பெயரையே எழுதவைத்தார்.

"ஏன் சார், நான்தான் நிக்கிறேனே?"

"நிக்கறே. இல்லைன்னு யார் சொன்னா? ஆனா அன்னிக்கு நீ வரலை. ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டிருக்கேன். உன் பிடிவாதத்துக்காகப் படத்துல ஒட்டலாம், என் கையெழுத்து இருக்கற இடத்துல பொய் எழுத முடியாது."

அன்று அழுகை வந்தது. நைனாவிடம் காட்டினேன். ஆங்கில எழுத்து தெரியாத அவர் என்னையே படிக்கச் சொல்லி, என் பெயர் வரும் இரண்டு இடத்திலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மத்தவனுக்கெல்லாம் ஒருவாட்டி, உனக்கு ரெண்டுவாட்டி. வுடு" என்றார்.

அந்த வருஷம் நான் பாஸாகவில்லை. நைனாவுக்குக் கண் மங்கியது; ரோலரை விட்டு இறங்கினார். நான் மொசைக் தரை பாலிஷ் போடும் மிஷினைப் பிடித்தேன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் என் பெயரை எப்போது அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அட்டையில் மட்டும் யாராலும் அடிக்க முடியவில்லை.

இன்று அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. கச்சேரி ரோடு ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். வைத்தா சார் போய்விட்டார், கஜாவும் போய்விட்டான். அந்தப் போட்டோவில் கட்டம் தாண்டாமல் நின்றவர்களில் பலர் இப்போது நிஜமாகவே ஆப்சென்ட். பேரன் தன் போனில் அதைப் படம் பிடித்து, "தாத்தா, உங்க தலையைச் சின்னதாக்கி, கீழே இருக்கற அந்த ஆப்சென்ட்டையும் அழிச்சித் தரேன்" என்றான். கை வைக்காதே என்றேன்.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது. அதற்குத் தரை போட்டது என் கடை. வேலை முடிந்த அன்று, பத்து மணிக்கு, பின்கட்டு முற்றமாக இருந்த கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். பழைய மதில் ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக் குத்துமதிப்பாக அளந்து, என் டைல்ஸ் ஒன்றின் மேல் போய்த் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"இன்னா சார், எதுனா மிஸ்ஸிங்கா?"

அவருக்கு என்ன சொல்வது? மதிலைப் பார்த்துக்கொண்டு, நல்ல சத்தமாகவே சொன்னேன்:

"உள்ளேன் ஐயா."