பேக்கரி நானாவின் மூன்றாவது எதிராளி

பதுளைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் இரண்டு பேர் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், மரக்கறி விலையில் தொடங்கும் பேச்சு எப்படியாவது பேக்கரி நானாவிடம் வந்துவிடும். அவர் எங்கள் மாகாணத்து மிடில்வெயிட் குத்துச்சண்டை வீரர். பல வருடம் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. அவரைப் பற்றிப் பேசினால் அவருடைய எதிராளிகள் மூன்று பேரையும் பேசியாக வேண்டும். முதலாமவர் தியத்தலாவை முகாமிலிருந்து வந்த சிப்பாய். இரண்டாமவர் அப்புத்தளை ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். மூன்றாவது ஆள் எங்கள் சித்தப்பா. சித்தப்பாவிடம் வரும்போது மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள். சொந்த எடையைக்கூடச் சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாத தோட்டத்து ஆள் என்பார்கள். பண்டாரவளையில் டீச்சராக இருந்துகொண்டு இதை எத்தனையோ தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்த எடை விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே. அப்பா என் சிறுவயதிலேயே தவறிவிட்டதால், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில் அம்மா, நான், சித்தப்பா என்று மூன்று பேர் இருந்தோம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். சித்தப்பாவுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை. பெண்கள் கொண்டுவரும் சாக்கைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவார்; கணக்கப்பிள்ளை கூலிக்கான எடையைச் சொன்னதும் இறக்கிவைப்பார். அந்த வேலைதான் அவருக்கு அப்படி ஒரு தோளைக் கொடுத்தது. ஏற்கெனவே இரண்டு தடவை நானாவிடம் தோற்றிருந்தார். மூன்றாவது தடவை வென்றே தீருவது என்று விடியற்காலையில் மலை ஏறி ஓடினார். ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்தார். எடை எழுபத்தைந்து கிலோவைத் தாண்டினால் மேடையில் ஏறவே விடமாட்டார்கள் என்பது எனக்குக்கூட மனப்பாடம்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மடுவத்துக்குப் போய், கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்துகொள்வேன். அது எனக்கே எனக்கான இடம். தராசின் வட்ட முகம் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கும். சித்தப்பாவும் பெண்களும் நிற்கும் பக்கத்துக்கு அதன் முதுகுதான் தெரியும். அப்போதுதான் பெரிய எண்கள் படித்திருந்தேன். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எனக்கு விளையாட்டு. முள் பதினெட்டில் நிற்கும், கணக்கப்பிள்ளை பதினாறு என்பார். இருபத்திரண்டில் நிற்கும், இருபது என்பார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதாகப் பேச்சு. ஏதோ கழிகிறது என்று பெண்களுக்குத் தெரியும்; எவ்வளவு என்றுதான் தெரியாது. நானோ, தராசு என்றால் இரண்டு கிலோ கூட்டித்தான் காட்டும், பெரியவர்கள்தான் திருத்திச் சொல்வார்கள் என்று நம்பிவிட்டேன். அதனால் எனக்குக் கணக்கப்பிள்ளை மேல் பெரிய மதிப்பு.

போட்டிக்கு முந்தின நாள் சாயந்தரம், கொழுந்தெல்லாம் நிறுத்து முடிந்தபின், சித்தப்பா இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தொங்கினார். லொறிக்கு ஏற்றும் பெரிய மூட்டைகளையே தாங்குகிற தராசு அது. முள் எழுபத்தேழில் ஆடி நின்றது. கணக்கப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, எழுபத்தஞ்சு, அச்சடிச்ச மாதிரி நிக்குது என்றார். அவரிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. சித்தப்பா வெல்ல வேண்டும் என்று தோட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான். அத்தனை வருடத்துப் பழக்கத்தில் அந்த வாய் தானாகவே இரண்டைக் கழித்துவிட்டது. வழக்கம்போலச் சரியாகத்தான் சொல்கிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். சித்தப்பா அன்றைக்கு நிம்மதியாகக் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் கணக்கப்பிள்ளையும் சேர்ந்து தோட்ட லொறியில் ஒரு கூட்டமாகப் பதுளைக்குப் போனோம். போட்டி நடக்கும் மண்டபத்தில் காலையிலேயே எடை பார்த்தார்கள். சித்தப்பா தராசில் ஏறி நின்றார். அங்கிருந்த அதிகாரி முள்ளைப் பார்த்து எழுபத்தேழு என்று உரக்கச் சொன்னார். அந்த மனிதருக்கு வேலை தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"ரெண்டு கிலோ கழிக்கலையே," என்றேன்.

மண்டபத்தில் ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்களோடு வந்த பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டார். சித்தப்பா தராசிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் குந்தினார்.

"ஏம்மா, நேத்து நம்ம மடுவத்துல முள்ளு எங்க நின்னுச்சு?"

"எழுபத்தேழுல. எல்லாருக்கும் ரெண்டு குறைச்சுத்தானே சொல்லுவாரு. அம்மாவுக்கும் அப்படித்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

இரண்டு மணி நேரத்துக்குள் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் நானாவுக்கே வெற்றி என்றார் அதிகாரி. அதுவரை ஓரமாக நின்ற நானா குறுக்கே வந்தார்.

"ஆளே இல்லாம ஜெயிச்சேன்னு நான் வெளியில சொல்லிக்க முடியுமா? வாங்க தம்பி, நம்ம போறணை சூடாத்தான் இருக்கு."

நானாவின் பேக்கரி நாலு கடை தள்ளி. பாண் சுடும் போறணை அடுப்பின் முன்னால் மாச் சாக்குகளைப் போர்த்திச் சித்தப்பாவை உட்காரவைத்தார்கள். நானாவும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கிராம் குறைய வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றியது. என் கையில் சீனி தூவிய பெரிய பணிஸ் ஒன்றைக் கொடுத்து வாசலில் உட்காரச் சொன்னார்கள். சித்தப்பாவை வாட்டுகிறார்களே என்று நானாவைக் கறுவிக்கொண்டே முழுப் பணிஸையும் தின்று முடித்தேன்.

எடை சரியாக வந்தது. சாயந்தரம் சண்டை நடந்தது. முதல் சுற்றில் சித்தப்பா நானாவைக் கயிறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் ஆட்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். இரண்டாவது சுற்று யாருக்கு என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவதில் சித்தப்பாவின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புள்ளிக் கணக்கில் தோற்றார். எதிராளியைச் சூடு காட்டிக் கூட்டிவந்து சண்டை போட்ட பெருந்தன்மை என்று பதுளையில் இன்றைக்கும் சொல்வார்கள். போறணையில் வைத்து ஆளைச் சுட்டுவிட்டான் என்று எங்கள் லயத்தில் சொன்னார்கள். நான் லயத்துக் கட்சி.

திங்கட்கிழமை மடுவத்தில் முதல் சாக்கு அம்மாவுடையது. சித்தப்பா அதைக் கொக்கியில் மாட்டினார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் தராசைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். கணக்கப்பிள்ளை பத்தொன்பது என்றார்.

"இருபத்தொன்னுங்கய்யா," என்றார் சித்தப்பா. "வெறுஞ் சாக்கை மாட்டிப் பாருங்க. அரைக் கிலோகூட வராது."

கணக்கப்பிள்ளை மறுபடியும் பத்தொன்பது என்றார். சித்தப்பா மறுபடியும் இருபத்தொன்று என்றார், கோபமில்லாமல். அன்றைக்குக் கடைசிச் சாக்கு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் முள் நின்ற எண்ணை வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து பெண்களும் முள் தெரிகிற பக்கமாகத் திரண்டு வந்து நின்றார்கள். என் பலகைமேல் யாரோ கூடையை வைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே சித்தப்பாவை மடுவத்திலிருந்து எடுத்துக் கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள். வெயிலில் மலை உச்சியில் நின்று தேயிலை மரத்தின் கிளைகளைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற வேலை அது. சாயந்தரம் வரும்போது கையெல்லாம் கீறலாக இருக்கும்; குத்துப் பழக அவரிடம் தெம்பு மிச்சம் இருக்காது. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க லயத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எங்கள் வீட்டுக்குக் கறி வந்தது. தோற்றுப்போன மனிதருக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒருநாள் அவர் சாப்பிடும்போது, அடுத்த தடவை எப்படியாவது ஜெயித்துவிடுங்கள், மறுபடி மடுவத்துக்கே எடுத்துக்கொள்வார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

"சரிம்மா," என்றார் சித்தப்பா. அம்மா எழுந்து வெளியே போனார்.

குத்துச்சண்டையில் தோற்றால் கவ்வாத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். சித்தப்பாவின் வேலை போனதற்கும், நான் உட்காரும் இடம் போனதற்கும் சேர்த்து, பேக்கரி நானாவை நெடுநாள் வைதுகொண்டிருந்தேன்.